அப்பத்தா மிளகாயும் நுனிக்கருகலும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். பொட்டி தட்டுற நேரம் போக மிச்சம் இருந்த கொஞ்ச நேரத்தையும் மொட்டை மாடி முழுங்கிடுச்சு. அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்கிறதுதான் இந்தப் பதிவு. மிளகாய் வளர்க்கிறவங்களுக்குக் கொஞ்சம் பிரயோஜனமா இருக்கும். வளர்க்காதவங்க எங்க அப்பத்தாவுக்காகப் படிங்க.

நமக்கு ஊரு முதுகுளத்தூர் பக்கம். வானம் பார்த்த பூமி. ராமநாதபுரம்னு சொன்னதுமே தண்ணியில்லாக் காடுன்னு கிண்டல் பண்ணுவீங்கல்ல, அதேதான். அந்தக் காட்டுல விளையுற குண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில புவிசார் குறியீடு கிடைச்சுது. முண்டு மிளகாய்னும் சொல்லுவாங்க. உருண்டையா, தடிச்ச தோலோட இருக்கும். ஒரு வத்தலைக் கிள்ளி எண்ணெயில போட்டா தெருமுனை வரைக்கும் மணக்கும். நான் பெருமையா போன் போட்டு அப்பத்தாகிட்ட சேதி சொன்னேன். "அதுக்கு இப்ப என்னடா? வெல கூடுமா?"ன்னுச்சு. அம்புட்டுதான். :-)

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு, சித்திரையில, அப்பத்தா போயிடுச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு அது இருந்த அறையை ஒழிச்சப்போ பரண்மேல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைச்சுது. உள்ள அடுப்புச் சாம்பல். சாம்பலுக்கு நடுவுல பன்னெண்டு குண்டு வத்தல், ஒண்ணுல கூட ஒரு கீறல் இல்லாம. விதைக்குன்னு எடுத்து வச்சது. சித்தப்பா வெள்ளாமை போட்டு மூணு வருசமாச்சு, நிலமெல்லாம் சீமைக்கருவேலம். "யாரு விதைக்கப் போறா, நீ வேணா எடுத்துக்க தம்பி"ன்னார். எடுத்துக்கிட்டேன்.

குண்டு மிளகாய் விதை ஊர்ல யார்கிட்ட கேட்டாலும் கிடைக்கும்தான். ஆனா இது அப்பத்தா தன் கையால வருசா வருசம் பொறுக்கி, மறுபடி விதைச்சு, மறுபடி பொறுக்குனது. இதைக் கடையில வாங்க முடியாது.

சென்னைக்கு வந்த வேகத்துல, ஆனி மாசம், ஹவுஸ் ஓனர் அங்கிள்கிட்ட கெஞ்சி மொட்டை மாடியில ஒரு ஓரம் வாங்கி, அத்தனை விதையையும் போட்டேன். ஆமாங்க, அத்தனையையும். வேலையில பேக்கப் எடுக்காம ஒருத்தன் சர்வர்ல கை வச்சா காய்ச்சி எடுத்துடுவேன். இங்க ஒரு விதை கூட மிச்சம் வைக்கல. ஆர்வக்கோளாறு. முளைச்சதுல பாதியை நத்தையும் புறாவும் பார்த்துக்கிச்சு, மீதியில பாதியை நானே நாத்துப் பிடுங்கி நடுறப்போ சாகடிச்சேன். கடைசியா க்ரோ பேக்குல நின்னது பதினாலு செடி.

புரட்டாசி வரைக்கும் பிரமாதமா இருந்துச்சு. பூத்துச்சு, காய்ச்சுது. ஐப்பசி பிறந்ததும் முதல் பழம் சிவந்துச்சு. அதுல மிளகு சைஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி, லேசாக் குழிஞ்ச மாதிரி. வெயில் பட்டிருக்கும்னு விட்டுட்டேன். முதல் பழமாச்சே, விதைக்கு நல்லாப் பழுக்கட்டும்னு செடியிலேயே விட்டு வச்சேன். (இந்த வரியை ஞாபகம் வச்சுக்கங்க.)

ரெண்டு மழை பெஞ்சுது. ஒரு செடியில உச்சிக் கொழுந்து தொங்கிப் போச்சு. மறுநாள் அது பழுப்பாச்சு. அடுத்த வாரம் அந்தக் கிளையே நுனியிலேருந்து கீழ நோக்கிக் காய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு, மெழுகுவத்தி உருகிக் கீழ இறங்குமே அந்த மாதிரி.

நம்ம மூளை எப்படி வேலை செஞ்சுதுன்னு வரிசையா சொல்றேன், சிரிக்காதீங்க.

காய்ஞ்சிருக்கு, அப்போ தண்ணி பத்தலை. பூவாளியில உச்சந்தலையிலேருந்து ரெண்டு வேளையும் குளிப்பாட்டினேன். கேக்கல. அப்போ சத்துக் குறைவு. மண்புழு உரம், நுண்ணூட்டம், பஞ்சகவ்யம்னு கையில கிடைச்சதையெல்லாம் போட்டேன். கேக்கல. அப்போ பூச்சி. வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணியில கலக்கி ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி ஏழு மணிக்கு நனைய நனைய அடிச்சேன், மூணு நாளைக்கு ஒருதடவை. ஒரே நேரத்துல அஞ்சு இடத்துல கோடை மாத்திட்டு எதனால பிழை வருதுன்னு தெரியாம திருதிருன்னு முழிக்கிற ஃப்ரெஷரைப் பார்த்திருக்கீங்கல்ல? அது நான்தான்.

கார்த்திகை பிறக்கிறதுக்குள்ள பதினாலு ஒன்பதாச்சு. தங்கமணி ஒருநாள் ராத்திரி மாடிக்கு வந்து பார்த்துட்டு, "நீங்க செடியைப் பார்த்துக்கிறீங்களா, இல்ல செடி உங்களைப் பார்த்து பயந்து சாகுதா?"ன்னு கேட்டுச்சு. வாஸ்தவமான கேள்விதான்.

அப்புறம்தான் புத்தி வந்து பள்ளிக்கூடத்து நண்பனுக்கு போன் போட்டேன். அவன் வேளாண்மை படிச்சவன், பயிர் நோயியல்ல முதுகலை. பேரு வேணாம், கூச்சப்படுவான். நான் எடுத்த எடுப்புல "மாப்ள, என்ன மருந்து அடிக்கணும் சொல்லு"ன்னேன். அவன் மருந்தைப் பத்திப் பேசவே இல்ல. கேள்வி மேல கேள்வி.

"காய்ச்சல் எங்கருந்து ஆரம்பிச்சுது? மேலருந்து கீழயா, இல்ல மொத்தச் செடியும் ஒண்ணா வாடுச்சா?"

மொத்தமா வாடினா பிரச்சினை வேர்லயோ தண்டோட அடியிலயோ இருக்குமாம். நம்மளது மேலருந்து கீழ.

"இலை சுருண்டிருக்கா? எந்தப் பக்கம்?"

ஓரம் மேல மடங்கிப் படகு மாதிரி இருந்தா இலைப்பேன். கீழ மடங்கிக் கவுத்த படகு மாதிரி இருந்தா சிலந்திப்பேன். நம்மளதுல சுருட்டையே இல்ல. ஆக, நான் அடிச்ச வேப்பெண்ணெய் இல்லாத பூச்சிக்கு.

"செத்த நுனி கொழகொழன்னு ஈரமா அழுகி, வெள்ளி முடி மாதிரி நீட்டிக்கிட்டு, முடி உச்சியில குண்டூசித் தலை மாதிரி கறுப்பா இருக்கா?"

அது மழைக்காலத்துல வர்ற வேற ஒரு பூஞ்சை, கோயனெஃபோரான்னு பேரு. நம்மளது அப்படி இல்ல. காய்ஞ்சு வைக்கோல் நிறத்துல வெளுத்துக் கிடந்துச்சு.

"பழத்துல என்ன இருக்கு?"

காம்புக்கு எதிர்ப்பக்க நுனி மட்டும் கறுத்தா சுண்ணாம்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். நம்மளதுல புள்ளி பழத்தோட பக்கவாட்டுல, வட்டத்துக்குள்ள வட்டமா, துப்பாக்கி சுடப் பழகுற பலகை மாதிரி.

"கடைசிக் கேள்வி. வெளுத்த குச்சியில கடுகை விடப் பொடிசாக் கறுப்புப் புள்ளி இருக்கா?"

அதை நான் பார்க்கவே இல்லைங்க. ஒரு மாசமா தினம் செடிக்கு முன்னாடி நிக்கிறேன், குச்சியைக் கையில எடுத்துப் பார்க்கல.

அவன் ஒரு வழி சொன்னான். உசிரும் செத்ததும் சேர்ற இடத்துல ஒரு துண்டு வெட்டி, ஈர டிஷ்யூ போட்ட மூடி டப்பாவுல ரெண்டு மூணு நாள் வை, வெயில் படாம. வச்சேன். சாப்பாட்டு டப்பா ஒண்ணு போச்சேன்னு தங்கமணி முறைச்சது தனிக்கதை. மூணாம் நாள் காலையில குச்சி முழுக்கப் பொடிப் பொடியாக் கறுப்பு. நூத்தம்பது ரூவா கைலென்ஸ் வச்சுப் பார்த்தா ஒவ்வொரு புள்ளியிலயும் கறுப்பு முடி குத்திட்டு நிக்குது, பல்துலக்குற பிரஷ் மாதிரி. போட்டோ அனுப்பினேன். பதில் ஒரே வார்த்தை: நுனிக்கருகல்.

கொலிட்டோட்ரைக்கம்கிற பூஞ்சை. அதே ஆசாமி கிளையில வந்தா நுனிக்கருகல், பழத்துல வந்தா பழ அழுகல். நமக்கு ரெண்டு நோயாத் தெரிஞ்சது ஒண்ணுதான். இது ஒண்ணும் புதுசா வந்த சரக்கும் இல்ல. 1913-லயே சிடோங்கிற பூஞ்சை ஆராய்ச்சியாளர், சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர்ல கிடைச்ச நோய்க்கு வேற ஒரு பேர் வச்சிருக்கார். அப்புறம் கொலிட்டோட்ரைக்கம் கேப்சிசின்னு ஆச்சு. 2009-ல அதையும் ட்ரன்கேட்டம்னு மாத்திட்டாங்க. நாம வேரியபிளுக்குப் பேர் மாத்துறதே தேவலை.

இப்ப அந்த முதல் பழத்துக்கு வாங்க. அந்தக் குழிஞ்ச புள்ளிக்குள்ள லட்சக்கணக்குல வித்துக்கள், ஒரு பசைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்குமாம். காய்ஞ்ச காத்துல அவ்வளவு சுலபமா பறக்காது. அதுக்குத் தண்ணி வேணும். ஒரு மழைத்துளி மேல விழுந்து தெறிச்சா போதும், பக்கத்துச் செடிக்கு டிக்கெட் எடுத்த மாதிரி. போய்ச் சேர்ந்த இடத்துல இலையும் கொழுந்தும் சில மணி நேரம் ஈரமா இருக்கணும். இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி, புழுக்கம். சென்னை ஐப்பசிக்கு வேற என்ன வர்ணனை வேணும்? மழை இல்லாத நாள்ல பூவாளியால நானே மழை பெய்ய வச்சேன். வேப்பெண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க இலை காயாமப் பார்த்துக்கிட்டேன். பதினாலு பையையும் இடுக்கி அடுக்கி வச்சிருந்தேன், காத்து போக வழியில்லாம. இன்னொண்ணும் சொன்னான்: பச்சைக் காய்க்குள்ள இது சத்தமில்லாம உக்காந்திருந்து, பழுக்கிறப்போதான் வெளிய தெரியும். பார்க்க நல்லா இருக்கிற காயும் நல்ல காய்னு அர்த்தமில்ல.

"இப்ப என்னடா பண்ண?"

"அஞ்சாறு செடியை வேரோட எடுத்துடு மாப்ள. மிச்சத்துல காய்ஞ்ச இடத்துலருந்து ரெண்டு மூணு இஞ்சு கீழ, நல்ல பச்சையில வெட்டு. புள்ளி விழுந்த பழம் ஒண்ணு கூட மாடியில இருக்கக்கூடாது. மருந்து செத்த கிளையை எழுப்பாது. நல்லா இருக்கிறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான்."

சரின்னு சொல்லிட்டு வச்சேன். ஆனா வெட்டல.

கத்தரியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவேன். ஒரு கிளையில நுனி காய்ஞ்சிருக்கும், கீழ நாலு காய் பச்சையா இருக்கும். இந்த நாலும் பழுக்கட்டும், விதை எடுத்துட்டு வெட்டலாம்னு திரும்பி வந்துடுவேன். அப்பத்தாவோட விதை, மொத்தமே இவ்வளவுதான், இதுல எதை வெட்ட? இப்படியே நாலு நாள். அந்த நாலு நாள்ல மழையும் பெஞ்சுது. அஞ்சாம் நாள் இன்னும் ரெண்டு செடியில உச்சி தொங்கிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவர் முழுசாக் கேட்டுட்டு, "ஏண்டா தம்பி, நீ சின்னப்புள்ளையில களத்துல அப்பத்தாகிட்ட அடி வாங்குனது மறந்துபோச்சா?"ன்னார்.

மறந்துதான் போயிருந்துச்சு. பங்குனி லீவு. களம் பூரா சிவப்பா மிளகாய் காயுது. அப்பத்தா தலையில முக்காடு போட்டு உக்காந்து பொறுக்குது. நல்லது ஒரு பக்கம், வெளுத்த சோடை வத்தல் ஒரு பக்கம், விதைக்குன்னு மடியில நாலஞ்சு. நான் சோடைக் குவியல்லேருந்து பாதி சிவப்பு பாதி வெள்ளையா இருக்கிற வத்தல் ஒண்ணை எடுத்து, "இது பாதி நல்லாத்தானே இருக்கு"ன்னு அது மடியில போட்டேன். கையில ஒண்ணு வச்சுச்சு பாருங்க. "வெதைக்குப் பாதி நல்லதெல்லாம் ஆகாதுடா. தூரப் போடு." அந்தச் சோடையில ஒரு வத்தலைக் கூட அது விதையில சேர விட்டதில்லை, எந்த வருசமும்.

போனை வச்சுட்டு டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். ஈரத்துல வெட்டக்கூடாதுன்னு நண்பன் சொல்லியிருந்ததால, எதை எடுக்கணும்னு அடையாளம் மட்டும் கட்டிட்டு வந்து, மறுநாள் மதியம் வெயில் வந்ததும் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தரியை ஸ்பிரிட்ல துடைச்சேன். ஒன்பதுல ஆறு வேரோட போச்சு. அதுல இருந்த பச்சைக் காயையும் சேர்த்துத்தான். கீழ விழுந்த சருகைக் கூடப் பொறுக்கி, எல்லாத்தையும் சாக்குல கட்டி வெளியேத்தினேன். உரக்குழியில போடக்கூடாது, அங்கேருந்து மறுபடி வரும். சொல்றதுக்கென்ன, அந்தச் சாக்கைத் தூக்கிக்கிட்டுப் படியிறங்குனப்போ கண்ணு கலங்கிடுச்சு. மிளகாய் நெடின்னு தங்கமணிகிட்ட சமாளிச்சேன்.

மிச்சம் மூணு செடி. ரெண்டடி இடைவெளி விட்டு வச்சேன். தண்ணி காலையில மட்டும், மண்ணுக்கு மட்டும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம், இலையோட ரெண்டு பக்கமும் நனையுற மாதிரி, பதினஞ்சு நாள் இடைவெளியில ரெண்டு தடவை. கையுறை, முகக்கவசம் போட்டுத்தான் அடிக்கணும். அடிச்சா பாக்கெட்டில போட்டிருக்கிற நாள் கணக்கு முடியிற வரைக்கும் காய் பறிக்கக்கூடாது. சூடோமோனாஸ் மாதிரி உயிர் மருந்து விடுறவங்க இதோட சேர்த்துக் கலக்காதீங்க, செம்பு அதையும் கொன்னுடும்.

அப்புறம் வந்துச்சு மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் முதல் வாரம், சென்னைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். மூணு பையையும் தூக்கி மாடிப்படி முகப்புல, ஓனர் அங்கிளோட பழைய சைக்கிளுக்குப் பக்கத்துல வச்சேன். கரண்ட் இல்ல, நெட் இல்ல, கீழ தெருவுல முழங்கால் தண்ணி. நான் மெழுகுவத்தி வெளிச்சத்துல மிளகாய்ச் செடியோட நுனியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எதுவும் தொங்கல.

தை பிறந்து பனியும் வெயிலுமா ஆனதும் மூணும் புதுசாத் துளிர்த்துச்சு. மாசிக் கடைசியில பழம். நாப்பது பழத்துக்கு மேல வந்துச்சு. விதைக்கு எடுத்தது ஏழுதான். சந்தேகம்னு தோணின எதுவும் மடிக்கு வரல.

இந்தப் பூஞ்சை விதையோட சேர்ந்தும் வரும்கிறதால வெந்நீர் வைத்தியம் ஒண்ணு பண்ணினேன். விதையைத் துணியில தளர்வா முடிஞ்சு, முதல்ல கை பொறுக்கிற வெதுவெதுப்புல பத்து நிமிசம். அப்புறம் ஐம்பத்திரண்டு டிகிரியில முப்பது நிமிசம். உடனே பச்சைத்தண்ணி, அப்புறம் நிழல்ல உலர்த்தல். சூடு ஏறினா விதை செத்துடும், இறங்கினா பூஞ்சை சாகாது. தெர்மாமீட்டரை ஒரு கையில, வெந்நீர்ச் சொம்பை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் அடுப்படியில நின்னேன். ரிலீஸ் அன்னிக்குக் கூட இவ்வளவு படபடப்பு இருந்ததில்ல. ரொம்பப் பழைய விதைக்கு இது ஆகாது, முளைப்பு போயிடும். புது விதையிலயும் பத்து விதையை முதல்ல சோதிச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க. என்னோடதுல பத்துக்கு எட்டு முளைச்சுது.

வைகாசியில ஊருக்குப் போனப்போ இந்தக் கதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொல்லிட்டு, "அப்பத்தா மருந்தே அடிக்காம எப்படி சமாளிச்சுச்சு?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யார்ரா ஆனியில மொளகா வெதைப்பா? நம்மூர்ல பெரட்டாசியில போடுவோம். மழை செடிக்குப் பெய்யும். பழுக்கிறப்ப மாசி வெயிலு. பழத்துக்கு மழை ஆகாதுடா."

அவ்வளவுதாங்க. கைலென்ஸ், டப்பாவுல குச்சி, பேர் மாத்துன பூஞ்சைன்னு நான் ஆறு மாசம் சுத்தி வந்து சேர்ந்த இடம் இது. தெறிக்கிற தண்ணியும் பழுக்கிற பழமும் ஒரே மாசத்துல சந்திக்காமப் பார்த்துக்கிட்டா போதும்னு அந்த ஊரே தெரிஞ்சு வச்சிருக்கு. அப்பத்தா பாட்டில்ல விதை மட்டும் இருந்துச்சு, தேதி எழுதி வைக்கல. அதுக்கு அதை எழுதணும்னு தோணியிருக்காது, எந்தக் கிறுக்கனும் ஆனியில விதைப்பான்னு நினைச்சிருக்காதுல்ல?

2024 புரட்டாசியில பாதி விதையை நான் போட்டேன், கால்வாசியைச் சித்தப்பா வேலியோரம் கருவேலத்தை வெட்டி நாலு பாத்தியில போட்டார். கால்வாசி பேக்கப். ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் மாடியில ஒரு செடியோட உச்சி தொங்குச்சு. மழை விட்டு இலை காய்ஞ்சதும், அதே சாயங்காலம் வெட்டிட்டேன், யோசிக்கல.

2025 பங்குனியில ஊர்க் களத்துல சித்தப்பா காய வச்ச மிளகாயை நானும் உக்காந்து பொறுக்கினேன். பொறுக்கினதுல பன்னெண்டு வத்தல் இப்ப அதே ஹார்லிக்ஸ் பாட்டில்ல, சாம்பலோட. இந்த தடவை மூடியில ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்: "புரட்டாசியில விதைக்கவும்."

டிஸ்கி 1: நுனி காய்ஞ்சா உடனே உரக்கடைக்கு ஓடாதீங்க. முதல்ல குச்சியைக் கையில எடுத்துப் பாருங்க.

டிஸ்கி 2: அந்த சாப்பாட்டு டப்பாவுக்குப் பதிலா தங்கமணிக்கு மூணு டப்பா புதுசா வாங்கிக் கொடுத்தாச்சு. :-)